பெண்டில் ஹில், சிட்னி: இரண்டு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு

சிட்னியில் வேலை கிடைத்து வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த ஏரியால வீடு பாக்கறது?" ஃபோனில் பதில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் பாதி விஷயம் விட்டுப்போகிறது, அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நானும் மனைவியும் இரண்டு வருடத்துக்கு மேலாக பெண்டில் ஹில்லில் வாடகைக்கு இருக்கிறோம், அதற்கு முன் ஐந்து மாதம் பக்கத்து ஸ்டேஷனான டூங்காபியில் இருந்தோம். எனக்கு வேலை சிட்டிக்குள், வின்யார்ட் ஸ்டேஷன் பக்கம். அவளுக்கு வெஸ்ட்மீட்டில், முதியோர் பராமரிப்பு வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் இல்லாமல் வந்து இறங்குகிற தம்பதிக்கோ, கைக்குழந்தையோடு வருகிற சின்னக் குடும்பத்துக்கோ, முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு பெண்டில் ஹில் நல்ல ஊர், தைரியமாக வரலாம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு கிடைக்க வேண்டும். அதைத் தாண்டினால் இது வேறு ஊர், அந்த ஊரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஊர் எங்கே இருக்கிறது என்றால், சிட்னியின் கடலும் ஹார்பர் பிரிட்ஜும் கிழக்கே இருக்க, அங்கிருந்து மேற்கே போகிற டி1 ரயில் பாதையில் பாரமட்டா பெரிய ஊர், கிட்டத்தட்ட இரண்டாவது சிட்டி. பாரமட்டாவைத் தாண்டினால் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் என்று வரிசையாக வரும். சிட்டியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நான் திருப்பூர்க்காரன் என்பதால் எனக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம் ஒன்று உண்டு: ஆஸ்திரேலியாவில் எல்லோரும் போடுகிற பாண்ட்ஸ் பனியன், அந்தக் கம்பெனியின் நூற்பாலை இங்கே டன்மோர் தெருவில்தான் இருந்தது. ஆலை மூடி, இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வந்த புதிதில் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அவிநாசி ரோடு ஞாபகம் வரும்.

இனி டூங்காபி கதை, அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வீட்டை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முகநூலில் பார்த்த ஒரு கிரானி ஃபிளாட்டை எடுத்தோம். கிரானி ஃபிளாட் என்பது பெரிய வீட்டின் பின்கட்டில், பழைய தோட்டத்து இடத்தில் தனியாகக் கட்டிய சின்ன வீடு. இந்த மாநிலத்தில் அது 60 சதுர மீட்டருக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி, மேற்கு சிட்னியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. வாரம் 400 டாலர், கரண்ட் தண்ணி எல்லாம் சேர்த்து என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். நல்ல விலை என்றுதான் நினைத்தோம். வந்து பார்த்தால் ஸ்டேஷனிலிருந்து 24 நிமிட நடை. நவம்பரில் அது ஒன்றும் தெரியவில்லை, காலையில் ஜகரண்டா மரங்கள் ஊதாப்பூவாகப் பூத்துக் கிடக்க நடந்து போவது நன்றாகத்தான் இருந்தது. இங்கே கோடையான ஜனவரியில்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ரயிலை விட்டு இறங்கினால் 40 டிகிரி, நிழலே இல்லாத நடைபாதை, வீட்டுக்கு வந்தால் தகரக் கூரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்படியே கீழே இறக்கிக்கொண்டிருக்கும். "ஏனுங்க, கதவத் தொறந்தா வெளிய சூடு, சாத்துனா உள்ள சூடு, எங்கீங்க போயி உக்காருறது" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ராத்திரி ஈரத்துண்டை ஜன்னலில் தொங்கவிட்டுத் தரையில் படுத்தோம்.

வெயிலைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு யாருமே சொல்வதில்லை. "நம்ம ஊர்ல பாக்காத வெயிலா" என்று விட்டுவிடாதீர்கள். கடற்கரைப் பக்கம் சாயங்காலம் கடல் காற்று வந்துவிடும், அந்தக் காற்று நம் பக்கம் எட்டாது. இதே மேற்கு சிட்னியில் இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி பதிவானது. நம் ஊர் வீடு வெயிலுக்கென்றே கட்டியது, இங்கே இருக்கும் பழைய ஃபைப்ரோ வீடுகள், அதாவது மெல்லிய சிமெண்ட் தகடு அடித்த வீடுகள், வெயிலையும் தாங்காது, ஜூலைக் குளிரையும் தாங்காது. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் ஏசி இருக்கிறதா, படுக்கையறை ஜன்னல் மேற்கே பார்க்கிறதா என்று கவனியுங்கள். இல்லாத ஏசியை வீட்டுக்காரர் போட்டுத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமெல்லாம் கிடையாது.

மூன்றாவது மாதம் கரண்ட் பில்லில் பாதி கொடுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால் கொடுத்தோம். காலி செய்யும்போதுதான் இன்னொன்று தெரிந்தது, நாங்கள் கொடுத்த அட்வான்ஸை அவர் அரசாங்கத்தில் கட்டவே இல்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அட்வான்ஸுக்கு பாண்ட் என்று பெயர். நாலு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கியதை மாநில அரசின் ஃபேர் டிரேடிங் துறையிடம் கட்டியாக வேண்டும், வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ரென்டல் பாண்ட்ஸ் ஆன்லைன் என்று அவர்களுடைய சேவை இருக்கிறது, அதன் வழியாகவே நீங்கள் கட்டினால் காலி செய்யும்போது நீங்களே திரும்பக் கேட்டு வாங்கலாம். இது தெரியாததால் எங்களுக்கு 300 டாலர் போனது, அதைவிட ஐந்து மாதத் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில்தான் பெண்டில் வே கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்களுக்கு வழி காட்டினார். 83க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள்தான் இந்தப் பக்கத்தில் நமக்கெல்லாம் முன்னோடி. அவர்கள் போட்ட பாதையில்தான் நாம் இன்று சுலபமாக நடக்கிறோம். வியர்வையோடு அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "தம்பி, வாடகை குறைவு எண்டு தூரத்தில வீடு எடுக்காதேங்கோ. பிறகு கார் வேணும். கார் வாங்கினா, வாடகையில மிச்சம் பிடிச்ச காசெல்லாம் காருக்குப் போயிடும். ஸ்டேஷனடியில பாருங்கோ."

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு படுக்கையறை யூனிட், அதாவது அடுக்குமாடி வீடு, வாரம் 520 என்று இருந்தது, நாங்கள் கொடுத்தது 400. வித்தியாசம் 120. ஒரு பழைய கார் வாங்கினால் பதிவுக் கட்டணம், கிரீன் ஸ்லிப் என்கிற கட்டாயக் காப்பீடு, தனிக் காப்பீடு, பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 120க்குக் குறையாமல் வந்தது, காரின் விலையை விட்டுவிட்டே சொல்கிறேன். அதோடு இந்த ஊரில் சாலைக்குச் சாலை டோல். பாரமட்டாவிலிருந்து கிழக்கே சிட்டிப் பக்கம் எம்4 நெடுஞ்சாலையில் போனால் டோல், எம்2 டோல், எம்7 டோல். ரயிலில் போனால், இங்கே டிக்கெட்டுக்குப் பதிலாகத் தட்டுகிற ஓப்பல் கார்டில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 50 டாலர்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் எத்தனை தடவை போனாலும் எடுக்க மாட்டார்கள். காலை ஆறரைக்கு முன் கார்டைத் தட்டி ஏறினால் 30 சதவீதம் குறைவு, வெள்ளிக்கிழமை நாள் முழுக்க அந்தக் குறைந்த கட்டணம். அக்கா சொன்னது எங்கள் காகிதத்தில் அப்படியே வந்து நின்றது.

வாடகைக் கணக்கில் இன்னொரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். இங்கே வாடகை வாரக் கணக்கு. 520ஐ நாலால் பெருக்கி மாதம் 2,080 என்று போடாதீர்கள். வருடத்துக்கு 52 வாரம், அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,253. வருடத்துக்கு நாலு வார வாடகை கணக்கில் வராமலே போயிருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது நாலு வார பாண்ட், அதோடு முன்பண வாடகை, அது அதிகபட்சம் இரண்டு வாரம், ஆக 3,120 டாலர் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் யாராவது கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஊரிலிருந்து பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தேடுவதில் செலவானாலும் பரவாயில்லை.

யூனிட் கிடைத்தது சுலபமாக இல்லை. சனிக்கிழமைகளில் பதினைந்து நிமிடம் கதவைத் திறந்து வைப்பார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும். நாங்கள் போன ஒரு வீட்டுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்ச் சுற்றி வந்தோம், சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கக்கூட சிலர் கூச்சப்பட்டார்கள். கூச்சப்படாதீர்கள். குழாயைத் திறங்கள், அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மோந்து பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும், புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அலமாரி மூலை பொய் சொல்லாது. டூங்காபியில் நாங்கள் மோந்து பார்க்கவில்லை. ஏப்ரலில் ஒரு விசேஷத்துக்குக் கட்ட அவள் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தபோது மடிப்பு மடிப்பாகக் கரும்புள்ளிகள், மிளகைத் தூவின மாதிரி. அவள் ஒன்றும் பேசவில்லை, விரலால் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்த்தாள், அது பட்டு நூலோடு ஊறிப்போயிருந்தது. அந்தப் புடவை இப்போதும் இருக்கிறது, கட்டுவதில்லை.

மூன்று வாரத்தில் பதினோரு விண்ணப்பம் போட்டோம். உள்ளூர் வாடகைச் சரித்திரம் இல்லை என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய தடை. எங்களுக்குக் கைகொடுத்தது வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்பு, அப்புறம் திருப்பூரில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வந்த ஒரு பக்கக் கடிதம். ஒழுங்காக வாடகை கட்டினார்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்று நாலு வரி, அவருடைய ஃபோன் நம்பர். இதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

சரி, இனி ஊரின் நிறைகுறை.

ரயில்தான் பெரிய நிறை, அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. வின்யார்டுக்கு மாறி ஏறாமல் ஒரே ரயில், ஐம்பது நிமிடம் ஆகும். அவளுக்கு வெஸ்ட்மீட் இரண்டாவது ஸ்டேஷன். டி5 பாதையும் இதே ஸ்டேஷன் வழியாகப் போவதால் லிவர்பூல் பக்கம் வேலை என்றாலும் நேரே போய்விடலாம். ஆனால் எல்லா ரயிலும் இங்கே நிற்காது, வேகமாகப் போகிற சில வண்டிகள் பெண்டில் ஹில்லையும் டூங்காபியையும் வென்ட்வொர்த்வில்லையும் தாண்டிப் போய்விடும். பிளாக்டவுன் தூரமாக இருந்தாலும் அங்கே வேக ரயில் நிற்கும், அதனால் சிட்டிக்குப் போகிறவர்களுக்கு நேரத்தில் அவ்வளவு வித்தியாசம் வராது. தினமும் சிட்டிக்குப் போக வேண்டும், தமிழ்க் கடை பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் பிளாக்டவுனையும் செவன் ஹில்ஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள், அந்த இரண்டு நாளும் எங்கும் போக மனசு வராது.

கடைகள் பற்றிக் குறையே சொல்ல முடியாது. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், முருங்கைக்கீரை, வெள்ளிக்கிழமைக்கு வெற்றிலை எல்லாம் நடந்து போய் வாங்கலாம். சிவப்பரிசி மா, இடியாப்பம், சம்பல் என்று இலங்கைச் சாப்பாடும் பழகிக்கொண்டோம். காய்கறி மொத்தமாக வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் ஃபிளெமிங்டன் மார்க்கெட், ரயிலிலேயே போய் இழுவைப் பையில் கொண்டு வரலாம், கடையில் வாங்குவதைவிட எங்களுக்கு நன்றாகவே மிச்சமாகிறது. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் பக்கம்தான். தைப்பூசத்துக்கு அங்கே நிற்கும்போது வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஹெலன்ஸ்பரோ பெருமாள் கோயில் வெகுதூரம், கார் வைத்திருக்கும் நண்பர்களோடு சேர்ந்து போவோம்.

குழந்தை இருப்பவர்கள் பள்ளிக்கூட எல்லையைப் பார்த்துவிட்டு வீடு எடுங்கள். அரசுப் பள்ளியில் சேர உங்கள் விலாசம் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதுதான் முக்கியம், தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றுகூட இருக்கும். பக்கத்து ஊரான கிராவீனில் நம் ஆட்கள் வாடகை கூடுதலாகக் கொடுத்தும் போய் இருப்பது இதற்காகத்தான். அங்கே இருக்கும் கிராவீன் உயர்நிலைப் பள்ளி மட்டும் வேறு கணக்கு, அது நுழைவுத் தேர்வு எழுதிச் சேருகிற பள்ளி, பக்கத்தில் வீடு எடுத்தால் இடம் கிடைத்துவிடாது. இதைத் தெரியாமல் வீடு மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. ஹாரிஸ் பார்க் சாப்பாட்டுக்கு அருமை, பாரமட்டாவுக்கு நடந்தே போகலாம், ஆனால் நாங்கள் பார்த்த யூனிட்கள் பழசு, சனி ஞாயிறு ராத்திரி சத்தம். ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் இரண்டும் சிட்டிக்குப் பக்கம், ஸ்ட்ராத்ஃபீல்டில் வேக ரயில் நிற்கும், இரண்டு பேரும் சிட்டியில் வேலை செய்தால் வாடகை கூடுதல் கொடுத்தாவது அங்கே இருக்கலாம், நேரம் மிச்சம். வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி வேலை செய்பவர்கள் அங்கேயே தேடுவார்கள், 2024 டிசம்பரிலிருந்து கார்லிங்ஃபோர்ட் வரை டிராமும் ஓடுகிறது, அதனால் வாடகை இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்ஸ்டன் பார்க் பக்கம் புது வீடு, பெரிய வீடு, படம் பார்த்தால் ஆசையாக இருக்கும். அங்கே ரயில்வே ஸ்டேஷன் கிடையாது, வீட்டுக்கு இரண்டு கார் வேண்டியிருக்கிறது. முதல் வருடத்தில் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

வாடகை ஏறுமா என்றால் ஏறும். எங்களுக்கு ஒரு வருடம் முடிந்ததும் 550 ஆனது. வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற்றக் கூடாது, 60 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். 2025 மே 19 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது, இது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. வீட்டுக்குள் நுழைந்த ஏழு நாளுக்குள், வீடு எந்த நிலையில் இருந்தது என்று குறிக்கிற கண்டிஷன் ரிப்போர்ட்டைப் பூர்த்தி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். சுவரில் ஒரு கீறல் இருந்தாலும் எழுதி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நாங்கள் 74 படம் எடுத்தோம், அடுப்புக்கு உள்ளே, ஜன்னல் வலை, கார்ப்பெட்டில் இருந்த டீக் கறை என்று எல்லாம்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு வேலை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். வரைபடத்தில் காட்டுகிற நிமிடத்தை நம்பாமல், வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் பிளாட்பாரம் வரை நீங்களே நடந்து பாருங்கள், முடிந்தால் கையில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு. இந்த ஊர் பேருக்கேற்ற மாதிரி மேடும் பள்ளமும்தான். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை நடங்கள், அதிலும் தனியாக ஷிஃப்ட் முடித்து வரப்போவது மனைவி என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள், அந்தத் தெருவில் வெளிச்சம் போதுமா என்று அவர் சொல்லட்டும். எங்கள் வீட்டை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அதற்கு முன் எனக்குப் பிடித்த ஒரு வீட்டை, ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில் விளக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றாள்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் ஒரு வருடம் இங்கேயே என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா மூன்று மாதம் தங்க வருகிறார்கள், இரண்டாவது அறையில் அவர்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டிலிருந்து இடது பக்கம் திரும்பி நேரே எட்டு நிமிடம் நடந்தால் அக்கா கடை, போய்த் தமிழில் கேட்டால் கீரை கிடைக்கும் என்று ஃபோனில் சொன்னேன். "சில்லறைக்கு எந்தக் காசு குடுக்கோணும், அத மட்டும் சொல்லிக் குடு, நானே போயிட்டு வந்தர்றேன்" என்றார்கள்.